காசை முதலில் கொடுக்கிறவர்கள்

மறுபடியும் அந்த வாட்ஸ்அப் மெசேஜ் வந்துவிட்டது. வெள்ளை கலர் வேன், வடநாட்டுக் கும்பல், ராம்நாடு பக்கம் பிள்ளைகளைத் தூக்குகிறார்கள், கிட்னியை எடுக்கிறார்கள், உடனே எல்லாருக்கும் அனுப்பவும். சொந்தக்காரர்கள் குரூப்பில் வந்தது, அப்புறம் ஸ்கூல் பெற்றோர் குரூப், அரை மணி நேரத்தில் படகுக்காரர்கள் குரூப். வேன் நம்பர் கேட்டால் யாரிடமும் கிடையாது. 2018 மே மாதம் இதே மாதிரி மெசேஜ் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிடப் போன ஒரு வயதான அம்மாவை, வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக அடித்தே கொன்றார்கள். 2024 தொடக்கத்தில் திரும்பவும் கிளம்பி, மாவட்டத்துக்கு மாவட்டம் போலீஸ் உட்கார்ந்து வதந்தி என்று அறிக்கை விட வேண்டியிருந்தது. அதனால்தான் இந்த முறை குரூப்பில் சண்டை போடாமல் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நம் கடற்கரையில் ஆள் கடத்தல் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தாராளமாக நடக்கிறது. ஆனால் தூக்கிக்கொண்டு போகிறவன் யாரும் எனக்குத் தெரிந்து வந்ததில்லை. வருகிற ஆள் செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்காருவார், டீ குடிப்பார், உங்கள் மாமனார் பெயரைச் சொல்லி நலம் விசாரிப்பார், பெரும்பாலும் ஏதோ ஒரு முறையில் சொந்தமாகவும் இருப்பார். கிளம்பும்போது கையில் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுப் போவார். வேலைக்கு முன்னாலேயே காசு. இல்லை என்றால் அதற்கு நேர் எதிராக, 'நீங்க இப்ப எதுவும் தர வேண்டாம், அங்கே போய்ச் சம்பளத்தில் கழிச்சுக்கலாம்' என்பார். இரண்டும் ஒன்றுதான். கீழக்கரை, மண்டபம் பக்கம் கடலுக்குள் கூடு வைத்து மீன் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், உள்ளே போகிற வாய் அகலமாக இருக்கும், மீன் தானாகவேதான் நுழையும்.

எனக்கு இது தெரிவதற்குக் காரணம் என் பிழைப்பு. தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில், ரோட்டோரம் ஜெராக்ஸ் கடையும் இ-சேவை மையமும் வைத்திருக்கிறேன். ஊரில் யார் வெளிநாடு போகிறார்கள், யாருக்கு வாரிசுச் சான்றிதழ், யார் வீட்டில் பாகப்பிரிவினை எல்லாம் எங்கள் பிரிண்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். படிக்கக் கூடாது என்று நினைத்தாலும் கண்ணில் படும்.

சீசன் என்று ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். 61 நாள் படகு கரையில் நிற்கும், அரசாங்கம் கொடுக்கிற நிவாரணம் வட்டிக்கே பற்றாது. அதே மே மாதத்தில் பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வரும். பெயிலான பையன், பாஸாகியும் காலேஜ் ஃபீஸுக்கு வழியில்லாத பெண், கையில் காசில்லாத அப்பா, மூன்று பேரும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். புரோக்கருக்குக் காலண்டர் தேவையில்லை. அவர் மே மாதம் வருவார், மழை பொய்த்தால் தை மாசியிலும் வருவார். 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்று ஊர் உலகம் எல்லாம் எங்கள் மாவட்டத்தை வைத்து அதிகாரிகளை மிரட்டும், அதே தண்ணியில்லாக் காட்டில்தான் இந்த ஆட்களுக்கு நல்ல விளைச்சல்.

போன கோடையில் ஒரு அக்கா போனை நீட்டினார். மகளுக்கு விசா வந்திருக்கிறது, பிரிண்ட் வேண்டும்.

"எந்த ஊருக்கு அக்கா?"

"மஸ்கட்டு தம்பி. ஒரு வீட்டுல கைப்புள்ளய பாத்துக்கிற வேலையாம். மாசம் இருபத்தஞ்சாயிரம்."

பிடிஎஃப்பைத் திறந்தால் விசா மஸ்கட்டுக்கே இல்லை. துபாய் விசா. சுற்றுலா விசா, 30 நாள். ஸ்பான்சர் என்ற இடத்தில் வீட்டுக்காரர் பெயர் எதுவும் இல்லை, ஒரு டிராவல்ஸ் பெயர்தான் இருக்கிறது. அடுத்த பக்கம் டிக்கெட், திருச்சியிலிருந்து போகவும் இருபது நாளில் திரும்பி வரவும் சேர்த்துப் போட்டிருக்கிறது. அந்த அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் தேதி பார்க்கத் தெரியும். அவரே கேட்டார், "ரெண்டு வருசம் வேலைன்னாக, இருபது நாள்ல திரும்பி வர்றதுக்கு எதுக்கு தம்பி டிக்கெட்டு?"

இதைவிடச் சரியான கேள்வியை எந்த விழிப்புணர்வுக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. பதில் சிக்கலானது இல்லை. பத்தாவது பாஸாகாதவர்கள் எடுக்கும் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை என்று இருக்கும். அந்தப் பாஸ்போர்ட்டோடு சவுதி, குவைத், ஓமன், துபாய், மலேசியா என்று ஒரு 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டும். 1983 குடிபெயர்வுச் சட்டம். அந்தப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற பெண்ணுக்கு 30 வயது ஆகவில்லை என்றால் அந்த அனுமதியே கிடைக்காது. அந்த அக்கா மகளுக்கு 24. அப்புறம் எப்படி அனுப்புவது? சுற்றிப் பார்க்கப் போகிறாள் என்று அனுப்புவது. சுற்றுலா போகிறவர்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை, திரும்பி வர டிக்கெட் காட்டினால் போதும். அதற்குத்தான் அந்த இருபது நாள் டிக்கெட். துபாயில் இறங்கியதும் அதை ரத்து செய்துவிட்டு, ஒரு அறையில் சில நாள் வைத்து, சாலை வழியாக எல்லை தாண்டி ஓமனுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். ஏர்போர்ட்டில் யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "பெரியம்மா மக வீட்டுக்குப் போறேன்னு சொல்லணுமாம்," என்றார் அக்கா. துபாயில் பெரியம்மா மகள் யாரும் கிடையாது.

இந்த இடத்தில் நிறையப் பேர் செய்யும் வாதம் ஒன்று உண்டு, பொய் சொல்லித்தானே எல்லாரும் போகிறார்கள், போய் நன்றாக இருக்கிறவர்களும் இருக்கிறார்களே என்று. இருக்கிறார்கள். எங்கள் கரையில் பாதி மாடி வீடு வெளிநாடு போய்ச் சம்பாதித்த சபுராளிகள் கட்டியது, நான் வளைகுடா வேலைக்கு எதிரி இல்லை. நான் சொல்வது அந்தப் பொய்யால் யார் மாட்டுகிறார்கள் என்பதை. சம்பளம் தரவில்லை, அடிக்கிறார்கள், சாப்பாடு இல்லை என்று அந்தப் பெண் ஓடிப்போய் நின்றால், அவள் கையில் வேலை ஒப்பந்தம் இல்லை, விசா முடிந்துவிட்டது, அரசாங்கக் கணக்கில் அவள் துபாய் சுற்றிப் பார்க்கப் போனவள். சரியான வழியில் போகிறவர்களுக்கு 275 ரூபாயோ 375 ரூபாயோ கட்டினால் 10 லட்ச ரூபாய்க்குப் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு உண்டு. இந்தப் பெண்ணுக்கு அதுவும் கிடையாது. பாஸ்போர்ட்டை வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொள்வார், அப்படி வைத்துக்கொள்வது சவுதியிலும் துபாயிலும் அந்த ஊர்ச் சட்டப்படியே தப்பு. ஆனால் கத்தாமா, அதாவது வீட்டு வேலைக்குப் போனவள் கதவைத் தாண்டினால்தானே சட்டம் பேசுவதற்கு. அந்த வீட்டுக்காரர் ஏஜென்டுக்குப் பணம் கட்டியிருப்பார். 'உன்னைக் காசு கொடுத்து வாங்கியிருக்கேன், போகணும்னா அதக் கட்டிட்டுப் போ' என்ற வசனத்தைத் திரும்பி வந்த பெண்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

ஏஜென்ட் நல்லவரா கெட்டவரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்க்க முடியும். இ-மைக்ரேட் என்கிற அரசு இணையதளத்தில் பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் இருக்கிறது, உங்கள் ஊர் இ-சேவை மையத்தில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான், அதற்கு ரசீது தர வேண்டும். ஒன்றரை லட்சம், ரசீது கிடையாது என்றால் அப்புறம் யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை. சென்னை கிண்டியில் நம் அரசாங்கமே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று 1978இலிருந்து நடத்துகிறது, வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் இந்த மாதிரி அரசு நிறுவனம் வழியாகப் போவதுதான் முறை. ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்காதீர்கள். புரோக்கர் வீட்டுக்கே வருகிறார், கிண்டி எங்கே இருக்கிறது?

ஆண்கள் விஷயம் வேறு மாதிரி. பெண்ணை அனுப்ப நாலு பேரிடம் கேட்கிற குடும்பம், பையனை அனுப்பும்போது யாரையும் கேட்பதில்லை. கடல் தொழில் தெரிந்தவன் என்றால் பஹ்ரைன், சவுதி, ஈரான் என்று மீன்பிடி வேலைக்குப் போகிறார்கள். அங்கே பல இடங்களில் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் பட்டால் பங்கு, படாவிட்டால் சாப்பாட்டுச் செலவு, டீசல் செலவு எல்லாம் கடன் கணக்கில் ஏறும். ஊரில் பங்குத் தொழிலில் வளர்ந்தவனுக்கு இது புதிதாகவே தெரியாது, அதனால் கேள்வி கேட்காமல் ஏறிவிடுகிறான். ஊரில் பங்கு சரியில்லை என்றால் அடுத்த போட்டுக்கு மாறிக்கொள்ளலாம், அங்கே மாற முடியாது என்பது போன பிறகுதான் தெரியும். ஓனர் சொல்கிற இடத்தில் வலை விட வேண்டும், எல்லை தாண்டி அடுத்த நாட்டுக் கடற்படை பிடித்தால் ஓனர் போனை எடுக்க மாட்டார். கொரோனா வந்த 2020இல் ஈரானில் மாட்டிக்கொண்ட மீனவர்கள் கூலியும் இல்லாமல் சாப்பாடும் இல்லாமல் வீடியோ அனுப்பி அனுப்பி, கடைசியில் ஜூலை 1ஆம் தேதி கடற்படைக் கப்பல் ஜலஷ்வா அவர்களைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது.

படித்த பையன்களுக்கு இப்போது வேறு ரூட். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, மாதம் எண்பதாயிரம், டைப்பிங் தெரிந்தால் போதும். டெலிகிராமில் இன்டர்வியூ. 2023 நவம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமலே வரலாம் என்று தாய்லாந்து அறிவித்த பிறகு இன்னும் சுலபமாகிவிட்டது. பாங்காக்கில் இறங்கினால் வண்டி வரும், ஏழெட்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் ஒரு ஆற்றைத் தாண்ட வைப்பார்கள். அந்தக் கரை மியன்மர், மியாவாடி. சுற்றிலும் சுவர், துப்பாக்கி. வேலை என்னவென்றால் பெண் பெயரில் கணக்குத் தொடங்கி உலகம் முழுக்க இருக்கிற தனிமைப்பட்ட ஆண்களிடம் பேசிப் பேசிப் பணம் பறிப்பது. நம் ஊர் அப்பாவின் கணக்கிலிருந்து கிரிப்டோ முதலீடு என்று பணத்தை உருவுகிறவன் இன்னொரு நம் ஊர்ப் பையனாக இருக்கலாம், அவனை ஒருவன் பின்னால் நின்று அடித்துக்கொண்டிருக்கலாம். 2022இல் தமிழ்நாட்டுப் பையன்கள் அங்கிருந்து மீட்கப்பட்டு வந்தார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானத்தில் அடுத்தடுத்து 500க்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கூட்டிவந்தார்கள். அவ்வளவு செய்தி வந்தும் ஒரு டிப்ளமோ பையன் என்னிடம் வந்து, 'அண்ணே, இது கம்போடியாண்ணே, அது மியன்மரு' என்கிறான். தம்பி, கம்பெனி ஒன்றுதான், கிளைதான் வேறு.

சரி, வெளிநாட்டை விடுங்கள். ஒரு நாள் கடைக்கு ஒருவர் வந்தார், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு போன். ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டைக் கொடுத்து எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் கேட்டார். பிரித்தால் ஆதார் கார்டுகள், இடையிடையே ரேஷன் கார்டு, இரண்டு ஏடிஎம் கார்டு, அதன் பின்னாலேயே பேனாவால் பின் நம்பர். பெயர்கள் எல்லாம் வேறு வேறு குடும்பம். ஒரு கார்டில் கரி படிந்து, போட்டோவில் இருக்கிற பெண்ணின் முகமே தெரியவில்லை. துடைத்துத்தான் மிஷினில் வைக்க வேண்டியிருந்தது.

"இவங்கள்லாம் எங்கண்ணே?"

"கருவக்காட்டுல மூட்டம் எரியுது. விட்டுட்டு வர முடியாதுல்ல."

"கார்டெல்லாம் உங்ககிட்ட எதுக்கு?"

"தொலைச்சிருவாய்ங்க தம்பி. வெவரம் பத்தாது."

கரிமூட்டம் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சீமைக் கருவேலத்தை வெட்டி, துண்டு போட்டு, கோபுரம் மாதிரி அடுக்கி, மேலே புல்லும் மண்ணும் போட்டு மூடித் தீ வைப்பார்கள். நாள்கணக்கில் உள்ளுக்குள் கனிய வேண்டும். எங்காவது ஓட்டை விழுந்து காற்றுப் புகுந்தால் கரி மொத்தமும் சாம்பல், அதனால் ராப்பகலாக யாராவது பக்கத்திலேயே இருந்து மண் அப்பிக்கொண்டே இருக்க வேண்டும். காட்டுக்குள்ளேயே தார்ப்பாய்க் குடிசை. அப்பா வெட்டுவார், அம்மா அடுக்குவார், பிள்ளைகள் தண்ணீர் சுமப்பார்கள். குடும்பத்துக்கு ஒரு அட்வான்ஸ், கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வாங்கியது. கரி மூட்டைக்கு இவ்வளவு என்று கணக்கு, அதில் அரிசிக்குக் கழிவு, மருந்துக்குக் கழிவு. கணக்கு நோட்டு யாரிடம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் காட்டில் வேலி கிடையாது, காவலாளி கிடையாது. கார்டுக் கட்டு அவர் சட்டைப் பையில் இருக்கிறது, அது போதும்.

இதற்குப் பெயர் கொத்தடிமை முறை, 1976லேயே ஒழித்தாகிவிட்டது. அந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் நிறையப் பேர் ஆச்சரியப்படுவார்கள். அட்வான்ஸ் வாங்கி அதற்காக அடைபட்டு வேலை செய்கிறவரின் கடன், அந்தச் சட்டத்தாலேயே செல்லாது. கழிக்கவே தேவையில்லை, கடனே கிடையாது. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமான வேலை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவரை வேலை வாங்கினாலே அது அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடை செய்கிற கட்டாய உழைப்புதான் என்று சொல்லிவிட்டது. விலங்கு போட்டிருக்க வேண்டும், அடித்திருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. கொத்தடிமையாக வைத்திருந்தவருக்குத் தண்டனை மூன்று வருடம் வரை ஜெயில், அபராதம் 2,000 ரூபாய் வரை. ஆமாம், 1976இல் எழுதிய அதே இரண்டாயிரம். இன்றைக்கு ஹெல்மெட் இல்லாமல் இரண்டு தடவை மாட்டினால் இதே தொகை கட்ட வேண்டும்.

மீட்கிற விஷயத்தில் முக்கியமானது விடுதலைச் சான்றிதழ். கலெக்டரோ கோட்டாட்சியரோ தர வேண்டும், நம் மாவட்டத்துக்கு ராமநாதபுரம், பரமக்குடி என்று இரண்டு கோட்டம். அந்தக் காகிதம் இருந்தால்தான் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை, அப்புறம் ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் கொடுமை, கடத்தல் மாதிரி கொடிய நிலைமை என்றால் 3 லட்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெரிய தொகை வழக்கு முடிவதோடு கட்டிப் போடப்பட்டிருக்கிறது, நம் ஊரில் வழக்கு முடிவது எப்போது என்று உங்களுக்கே தெரியும். அதற்குள் அந்தக் குடும்பம் அடுத்த அட்வான்ஸ் வாங்கியிருக்கும். இது என் கருத்து: மீட்டுக் கொண்டுவந்து பஸ் ஏற்றி விடுவதோடு முடிகிற மீட்பு, புரோக்கருக்குச் செய்கிற உதவி. அவர் வாசலிலேயே காத்திருக்கிறார்.

மில் விஷயத்தைத் தனியாகவே எழுத வேண்டும், இப்போதைக்குச் சுருக்கமாக. எங்கள் தலைமுறைப் பெண்கள் எத்தனையோ பேர் பத்தாவது பரீட்சை எழுதிய கையோடு திண்டுக்கல், கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் நூல் மில்லுக்குப் போனார்கள். மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக முப்பதாயிரம், ஐம்பதாயிரம், சுமங்கலித் திட்டம் என்று பெயர். தாலி, சீர் என்றால் எந்த அம்மா மறுப்பாள்? இரண்டே முக்கால் வருடத்தில் உடம்பு முடியாமல் திரும்பினால் மொத்தத் தொகை போச்சு. இப்போது அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, ஹாஸ்டலும் பூட்டின கேட்டும் இருக்கிற மில்கள் இருக்கத்தான் செய்கின்றன. அப்புறம் வடக்கே முறுக்குக் கம்பெனிக்குப் போகிற பையன்கள். பன்னிரண்டு வயதுப் பையன் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறான், 'மாமா கூடப் போயிருக்கான், நல்லா இருக்கான்' என்று வீட்டில் சொல்வார்கள். நல்லா இருக்கிற பையன் தீபாவளிக்கு வருவான், வராவிட்டால் போய்ப் பாருங்கள்.

நாம் எப்போதும் பறிகொடுக்கிற பக்கம் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச்சிலிருந்து இலங்கையில் சோற்றுக்கு வழியில்லாமல் பிள்ளைகுட்டிகளோடு வந்தவர்களிடம் நகையையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு, ராத்திரியில் ராமேஸ்வரம் வந்தாச்சு என்று சொல்லி தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போன ஃபைபர் படகுகள் உண்டு. சுற்றிலும் தண்ணீர், கையில் குழந்தை, விடிந்த பிறகு கடலோரக் காவல் படை வந்து கூட்டிவரும் வரை அங்கேயேதான். கூலி வாங்கிக்கொண்டு கடல் தாண்ட வைப்பதும், ஆளை அடிமையாக விற்பதும் சட்டத்தில் வேறு வேறு குற்றம், ஆனால் பாஸ்போர்ட் இல்லாத ஒருவர் படகுக்காரனுக்குக் கடன்பட்டு நிற்கும்போது ஒன்று இன்னொன்றாக மாற ரொம்ப நேரம் ஆகாது. 2021 ஜூனில் கனடா போகலாம் என்று நம்பிக் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்த 38 இலங்கைக்காரர்களைப் போலீஸ் கண்டுபிடித்தது மங்களூரில். ராமேஸ்வரம், ராம்நாடு ஹோட்டல்களில் இலை எடுக்கிற, பாத்திரம் கழுவுகிற வடநாட்டுப் பையன்களையும் கொஞ்சம் பாருங்கள். வேனில் வந்த வடநாட்டுக்காரன் என்று நாம் பயந்து ஃபார்வர்டு பண்ணும்போது, அவன் நமக்கு டேபிள் துடைத்துக்கொண்டிருக்கிறான். வயது என்ன, சம்பளம் யார் கையில் போகிறது, ஊருக்குப் போய் எவ்வளவு நாளாச்சு என்று கேட்டுப் பாருங்கள். முதலாளி முகம் மாறினால் 1098க்குப் போன் பண்ணுங்கள். குழந்தைகளுக்கான நம்பர், காசு கிடையாது, உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. பெண்களுக்கு 181. அவசரம் என்றால் 112. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100, இலவசச் சட்ட உதவி. வெளிநாட்டில் மாட்டியவர்களுக்கு மதத் என்று வெளியுறவுத் துறையின் புகார் தளம் இருக்கிறது, வீட்டில் இருந்தபடியே நாம் பதியலாம், பாஸ்போர்ட் நகல் வேண்டும். அதனால் கிளம்புவதற்கு முன்னால் பாஸ்போர்ட், விசா, ஏஜென்டின் போன் நம்பர், ஏஜென்டின் போட்டோ எல்லாவற்றையும் வீட்டில் ஒருத்தர் போனில் வாங்கி வையுங்கள். ஏஜென்ட் போட்டோவுக்கு நிற்க மறுத்தால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

புகார் கொடுக்கலாம் என்றால் நம் ஆட்கள் முதலில் சொல்வது, 'அவளா சம்மதிச்சுத்தானே போனா, கேஸ் நிக்காது'. நிற்கும். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 143ஆவது பிரிவு, அதற்கு முன்னால் இந்திய தண்டனைச் சட்டத்தில் 370. சுரண்டுவதற்காக ஏமாற்றியோ, ஆசை காட்டியோ, மிரட்டியோ ஒருவரைக் கூட்டிப் போனால் அது ஆள் கடத்தல், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பதைப் பார்க்கவே தேவையில்லை என்று அந்தப் பிரிவே சொல்கிறது. குறைந்தது ஏழு வருடம், குழந்தை என்றால் பத்து வருடத்திலிருந்து ஆயுள் வரை.

அந்த அக்கா மகள் போகவில்லை. அக்கா ஏஜென்டிடம் போய்க் கேட்டிருக்கிறார், அந்த ஆள் 'ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு விசா பத்தி என்ன தெரியும்' என்று கத்தியிருக்கிறார். சரிதான், எனக்குத் தெரிந்தது அந்தப் பேப்பரில் இருந்தது மட்டும்தான். முன்பணமாகக் கொடுத்த நாற்பதாயிரத்தைத் திருப்பி வாங்க ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். முப்பதாயிரம் வந்தது. மீதியை விட்டுவிடச் சொன்னார்கள், சொந்தக்காரப் பையன், போலீஸுக்குப் போனால் ஊருக்கு அசிங்கம், பெண் பெயரும் அடிபடும் என்றார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், அந்தப் பேப்பருக்கும் என் கடையில்தான் ஜெராக்ஸ். ஏஜென்ட் ஆள் பிடிக்கிறதை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்திருந்தார். இந்தத் தடைக்காலத்தில் அவர் வாலிநோக்கம் பக்கம் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்று கேள்வி, இந்த முறை குவைத் என்கிறாராம். அந்தப் பக்கம் உங்களுக்கு யாராவது சொந்தக்காரர்கள் இருந்தால் இன்றைக்கே ஒரு போன் போடுங்கள்.